கோட்டைச் சிறையும் கோபன்ஹேகன் கடிதமும்

கேள்வி: தரங்கம்பாடியில் இருந்த கிறிஸ்தவ மிஷனுக்கு டேனிஷ் கவர்னர்தான் பெரிய எதிரி என்று படித்திருக்கிறேன். ஆனால் அங்கே வந்த ஜெர்மன் பாதிரி சீகன்பால்குவின் உயிரைக் குடித்தது அவரை அனுப்பியவர்களின் கடிதம்தான் என்கிறார் நண்பர். எது சரி?

பதில்: உங்கள் நண்பர் சொல்வது பாதி சரி. கடிதம் ஆளைக் கொன்றது என்பது மிகை. சீகன்பால்கு ஏற்கெனவே நோயாளி. ஆனால் அந்தப் பாதி, நீங்கள் படித்ததைவிட முக்கியமானது.

தரங்கம்பாடியின் டேனிஷ் அதிகாரி ஹாசியஸ் (கவர்னர் அல்ல, கமாண்டன்ட்) செய்த கொடுமை வெளிப்படையானது. 1706 ஜூலை 9 அன்று கரையிறங்கிய சீகன்பால்குவையும் உடன் வந்த பாதிரி புளுட்சோவையும் நெடுநேரம் காக்க வைத்து, பிறகு தெருவிலேயே விட்டுவிட்டுப் போனார். 1708 இறுதியில் சீகன்பால்குவைப் பிடித்து டான்ஸ்போர்க் கோட்டையில் நான்கு மாதம் அடைத்தார். ஊரை வைத்திருந்த டேனிஷ் வணிகக் கம்பெனிக்குப் பாதிரிகள் தலைவலி, அவ்வளவுதான். வெளிப்படையான எதிரியோடு மல்லுக்கட்டலாம், டென்மார்க் அரசரிடம் முறையிடலாம்.

சொந்த வீட்டுச் சண்டைக்கு அந்த வழி இல்லை. அனுமதியும் ஆணையும் கோபன்ஹேகனிலிருந்து; ஆட்களும் ஆன்மிக மேற்பார்வையும் ஜெர்மனியின் ஹாலேயிலிருந்து; அச்சகமும் காகிதமும் லண்டனிலிருந்து. மூன்று எஜமானர்கள். பணம் வருவதோ கம்பெனிக் கப்பலில். முதலில் வந்த பணப்பெட்டி ஒன்று கரையிறக்கும்போதே கடலுக்குள் போயிற்று. 1709-இல் உதவிக்கு வந்த போவிங்குக்கும் சீகன்பால்குவுக்கும் ஒத்துப்போகவில்லை. இரண்டே ஆண்டில் அவர் ஊர் திரும்பினார். ஒரே ஊரில் இருந்தவர்களுக்குள்ளேயே இந்த லட்சணம்.

1714-இல் கோபன்ஹேகனில் மிஷன் கல்லூரி என்ற நிர்வாகக் குழு அமைந்தது. கல்லூரி என்றதும் மாணவர்களைத் தேட வேண்டாம், அது ஓர் அலுவலகம். அதன் செயலர் கிறிஸ்டியன் வெண்ட்டுக்கு ஒரு கொள்கை இருந்தது: அப்போஸ்தலர்கள் கட்டடம் கட்டவில்லை, சம்பளப் பட்டியல் வைக்கவில்லை, மிஷனரியும் ஊர் ஊராக நடந்து பிரசங்கிக்கட்டும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. நடந்து எங்கே போவது? டேனிஷ் எல்லை ஒரு சின்ன நிலத்துண்டு. அதைத் தாண்டினால் தஞ்சை அரசு. 1709-இல் சீகன்பால்கு தஞ்சாவூருக்குப் புறப்பட்டுப் பாதி வழியிலேயே திரும்பியிருந்தார். பள்ளிப் பிள்ளைகளுக்குச் சோறு, உபதேசியாருக்குச் சம்பளம், ஓலை எழுதுவோருக்கும் அச்சுக்கோர்ப்போருக்கும் கூலி எல்லாம் மாதா மாதம் கொடுத்தாக வேண்டும். எதை நிறுத்துவது?

விளக்கம் எழுதலாம் என்றால் கப்பல் போக ஏழெட்டு மாதம், பதில் வர ஏழெட்டு மாதம், நடுவே கப்பலுக்குக் காத்திருப்பு வேறு. கேட்டதற்குப் பதில் வந்து சேர்வதற்குள் கேள்வியே மாறியிருக்கும்; கண்டனம் மட்டும் அப்படியே சூடாக வந்து இறங்கும். கணக்கைப் பார்த்தவருக்குச் செலவு தெரிந்தது, சோறு சாப்பிட்ட பிள்ளை தெரியவில்லை. வெண்ட்டைக் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். தூரத்திலிருந்து நிர்வாகம் செய்தார், அதுவும் கொள்கையை வைத்து.

வெண்ட்டின் அந்தக் கடுமையான கடிதங்கள் வந்து சேர்ந்த காலத்தில் சீகன்பால்கு நலிந்திருந்தார். 1719 பிப்ரவரி 23 அன்று 36 வயதில் இறந்தார். அதே கண்டனத்தைச் சேர்ந்து சுமந்த சக மிஷனரி குருண்ட்லரும் 1720 மார்ச்சில் போய்விட்டார்.

தரங்கம்பாடி ராஜா வீதியில் அவர்கள் கட்டிய புதிய எருசலேம் ஆலயம் இன்றும் இருக்கிறது. முகப்பில் டென்மார்க் அரசரின் முடியும் முத்திரையெழுத்தும், 1718 என்ற ஆண்டும். உள்ளே பீடத்தருகே இருவரின் கல்லறைகள்.