போத்தலுக்குள் என்ன இருந்தது? – வாசகர் கேள்வி பதில்

வெள்ளைக்காரன் காலத்துக் கடை மருந்துகளைப் பற்றி வன்னி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இம்முறை பதில் தருகிறோம்.

நெடுங்கேணி வாசகர்: பழைய வளவுக் கிணற்றைத் தூர் வாரும்போது கருநீலக் கண்ணாடிப் போத்தல் ஒன்று வந்தது. ஆறு பட்டை, பட்டைகளில் வரிவரியாக மேடு, ‘உட்கொள்ளக் கூடாது’ என்று புடைத்த ஆங்கில எழுத்து. அடியில் கரிய வண்டல் கிடக்கிறது. எவ்வளவு பழையது? கழுவி வைக்கலாமா?

பதில்: அது குடிமருந்துப் போத்தல் அல்ல. மேற்பூச்சு மருந்து, கிருமிநாசினி போன்ற நஞ்சுச் சரக்கு வந்த போத்தல். விளக்கில்லாத இருட்டில் கைக்கு அகப்பட்டாலும் விரலே எச்சரிக்கட்டும் என்றுதான் அந்த வரிமேடு.

வயது பார்க்கப் போத்தலின் பக்கவாட்டில் ஓடும் அச்சுத் தையலை நகத்தால் தடவிக்கொண்டு மேலே போங்கள். தையல் கழுத்தோடு நின்றுவிட்டால் வாய் விளிம்பைக் கையால் முடித்திருக்கிறார்கள். பெரும்பாலும் 19ஆம் நூற்றாண்டு, அல்லது 20ஆம் நூற்றாண்டின் தொடக்கம். விளிம்பையும் தாண்டி ஓடினால் இயந்திரத்தில் வார்த்தது. அந்த இயந்திரங்கள் 1903க்குப் பிறகே பரவின.

வண்டலைச் சுரண்டவோ மணக்கவோ வேண்டாம். பாதரசமோ ஆர்செனிக்கோ இருந்தால் எத்தனை வருடம் மண்ணில் கிடந்தாலும் நஞ்சு நஞ்சுதான். கையுறை போட்டு, இரட்டைப் பொலித்தீன் பையில் கட்டி, பி.எச்.ஐ.யிடம் (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) கேட்டு அகற்றுங்கள். கழுவின தண்ணீர் கிணற்றடிக்கோ வாய்க்காலுக்கோ போகக்கூடாது. இன்னொன்று: எங்கள் மண்ணில் தோண்டும்போது கண்ணாடி மட்டும் வருவதில்லை, போர்க்கால வெடிபொருளும் வரும். உலோகம் தட்டுப்பட்டால் மண்வெட்டியை அப்படியே விட்டுவிட்டுப் பொலிசுக்குச் சொல்லுங்கள்.

வவுனியா வாசகர்: பழைய குளிசைப் பெட்டி ஒன்றில் இங்கிலாந்து அரசாங்க முத்திரை ஒட்டியிருக்கிறது. அரசாங்கம் பரிசோதித்து அனுமதித்த மருந்துதானே?

பதில்: இல்லை. அது வரி முத்திரை. 1783இல் இங்கிலாந்தில் தொடங்கிய மருந்து முத்திரை வரி 1941 வரை நீடித்தது. 1 சிலிங் மருந்துக்கு 1½ பென்ஸ் வரி. பழைய விளம்பரங்களில் 1 சிலிங் 1½ பென்ஸ் என்ற அந்த விசித்திர விலை வந்ததும் இதனால்தான். உள்ளே என்ன இருக்கிறது என்று வரிக்காரன் திறந்து பார்க்கவில்லை. ஆனால் வாங்கினவர்கள் உங்களைப் போலவே நினைத்தார்கள், விற்றவர்களும் அதைத் திருத்தப் போகவில்லை.

ஒட்டுசுட்டான் வாசகர்: அந்த நாளில் நடுக்கல் காய்ச்சலுக்குக் கடைப் போத்தல் குடித்தால் அன்றைக்கே காய்ச்சல் விட்டுவிடும் என்று அப்பாச்சி சொல்லுவா. அப்படியென்றால் அந்த மருந்து நல்ல மருந்துதானே?

பதில்: அப்பாச்சி சொன்னது பொய்யில்லை, காய்ச்சல் விட்டிருக்கும். எதனால் விட்டது என்பதுதான் கேள்வி. நடுக்கல் காய்ச்சல், அதாவது மலேரியா, முறைவைத்து வரும். முதலில் குளிரும் நடுக்கமும், பிறகு அனல், பிறகு உடம்பு நனைய வியர்வை; ஒரு முறை 6 முதல் 10 மணித்தியாலத்தில் தானாகவே அடங்கிவிடும். சாதாரண வகையில் அடுத்த முறை 48 மணித்தியாலம் கழித்துத்தான். நடுக்கம் கண்டவுடன் எதைக் குடித்தாலும், வெறும் கொத்தமல்லித் தண்ணீராக இருந்தாலும், பொழுதுபட வியர்த்துக் காய்ச்சல் இறங்கும். பெயர் போத்தலுக்குப் போகும். காடுகரையில் பிறந்து வளர்ந்த பெரியவர்களுக்கு அடிக்கடி காய்ச்சல் வந்து ஓரளவு எதிர்ப்புச் சக்தியும் சேர்ந்திருந்தது. அந்தப் பெயரையும் மருந்தே வாங்கிக்கொண்டது.

எல்லாமே வெறும் தண்ணீர் என்றும் சொல்ல முடியாது. வார்பேர்க் மருந்து என்று ஒன்று இருந்தது. பல பத்தாண்டுகள் செய்முறையை மறைத்து விற்றார்கள். 1875இல்தான், அதை உண்டாக்கிய வைத்தியர் வார்பேர்க் செய்முறையை வெளியில் சொன்னார். பட்டியல் நீளமானது, வாசனைச் சரக்குகள் பல, மூசாம்பரமும் (கற்றாழைச் சாற்றை இறுக்கி எடுப்பது) உண்டு. காய்ச்சலில் வேலை செய்தது கொயினா (குயினைன்) ஒன்றுதான். ஓர் அவுன்ஸ் போத்தலில் சுமார் 9½ கிறேன், அதாவது 600 மில்லிகிராமுக்குச் சற்று மேல். முதலில் வயிற்றைக் கழுவி, பாதிப் போத்தல். 3 மணித்தியாலம் கழித்து மீதிப் பாதி. இதுதான் முறை.

இப்போது கணக்குப் பாருங்கள். கொயினாவால் மலேரியாவைத் தீர்க்க வளர்ந்தவருக்கு 10 கிறேன் வீதம் நாளுக்கு 3 வேளை, 5 முதல் 7 நாள் கொடுப்பார்கள். மொத்தம் 150 முதல் 210 கிறேன். ஒரு போத்தலில் இருந்ததோ ஒரேயொரு வேளைக்குக் கூடக் காணாது. கிருமி குறையும், ஒழியாது. இரண்டு மூன்று கிழமையில் திரும்ப நடுங்கும், திரும்பப் போத்தல். போதாக்குறைக்கு வைவாக்ஸ் வகைக் கிருமி ஈரலில் ஒளிந்திருக்கும், அதைக் கொயினா தொடவே தொடாது. அரைகுறை மருந்து வியாபாரத்துக்கு மிகவும் தோதானது.

இலங்கை 2016இல் மலேரியா அற்ற நாடாகச் சான்று பெற்றுவிட்டது. இப்போது காய்ச்சல் என்றால் முதலில் டெங்கைத்தான் யோசிக்க வேண்டும்: அஸ்பிரின், இபுபுரோபன் தொடக்கூடாது, பரசிற்றமோல் மட்டும், இரத்தப் பரிசோதனை. இந்தியாவுக்கோ ஆபிரிக்காவுக்கோ போய் வந்தவரென்றால் அதையும் வைத்தியரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள்.

முல்லைத்தீவு வாசகர்: குளோரோடைன் வாந்திபேதிக்கே கைகண்ட மருந்து என்கிறார்களே?

பதில்: 1848இல் இந்தியாவில் இருந்த படை வைத்தியர் கொலிஸ் பிரவுண் உண்டாக்கியது. அபின், கஞ்சா, குளோரோபோம் மூன்றும் உண்டு. அபின் குடலைக் கட்டும், நோவு அடங்கும், ஆள் உறங்கும். வீட்டாருக்குச் சுகம் வந்ததுபோலத் தெரியும். வாந்திபேதியில் உயிரை எடுப்பது உடம்பை விட்டுப் போகும் தண்ணீரும் உப்பும். அதில் ஒரு துளியையும் குளோரோடைன் திருப்பித் தராது. பழக்கத்துக்கு அடிமையானவர்களும், அளவு மிஞ்சி இறந்தவர்களும் பலர். இன்றைக்கு ஜீவனி (தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் உப்புச்சீனிப் பொடி) கைவசம் இல்லையென்றால் கொதித்தாறிய தண்ணீர் 1 லீற்றருக்குச் சீனி 6 தேக்கரண்டி, உப்பு அரைத் தேக்கரண்டி, இரண்டும் தலை தட்டி. உப்பு கூடினால் பிள்ளைகளுக்கு ஆபத்து. கண்ணீரை விடக் கரிக்கக்கூடாது.

கிளிநொச்சி வாசகர்: இவ்வளவு பேர் எப்படி நம்பினார்கள்?

பதில்: காசு போய்ச் சேர்ந்த இடம் மருந்தல்ல, அச்சுக்கூடம். குளிசையும் களிம்பும் விற்ற தோமஸ் ஹொலோவே 1842இல் விளம்பரத்துக்கு 5,000 பவுண் செலவழித்தார். 1883இல் அவர் இறக்கும் காலத்தில் அது ஆண்டுக்கு 50,000. உபயோகிக்கும் விதத்தைப் பல ஆசிய மொழிகளில் அடித்து அனுப்பினார். பீச்சம் குளிசையை 1909இல் பிரித்தானிய மருத்துவச் சங்கம் பகுத்துப் பார்த்தது: மூசாம்பரம், இஞ்சி, சவர்க்காரம். எங்கள் பரியாரிமாருக்கு முதல் இரண்டும் பழகின சரக்கு. 56 குளிசைக்கான சரக்கின் விலை அரைப் பார்திங், விற்ற விலை 1 சிலிங் 1½ பென்ஸ். ஒரு சிலிங்குக்கு 12 பென்ஸ், ஒரு பென்ஸுக்கு 4 பார்திங். கணக்குப் போட்டால் சரியாக 108 மடங்கு. அர்ச்சனை மாதிரி.

இந்தியப் பக்கத்துக்காரரும் சளைத்தவர்கள் அல்லர். 1893இல் அமிர்தாஞ்சனம் தொடங்கிய நாகேஸ்வர ராவ் கச்சேரிகளில் அதை இலவசமாகக் கொடுத்தார். பிறகு பத்திரிகையே நடத்தினார். லோத்ரா என்ற பெண்களுக்கான மருந்தை விற்ற கேசரியும் மாத இதழ் நடத்தினார். சொந்தப் பத்திரிகை இருந்தால் விளம்பரத்துக்கு யாரிடம் இடம் கேட்க வேண்டும்? அமிர்தாஞ்சனத்தை மற்றவற்றோடு ஒரே தட்டில் வைப்பது அநியாயம் என்பது எங்கள் எண்ணம்: தலையிடிக்குப் பூசச் சொன்னார்கள், பூசினால் கொஞ்சம் சுகம். சர்வரோகமும் தீரும் என்ற போத்தல்களின் கதை வேறு.

மடு வாசகர்: பறங்கிப் புண்ணுக்கு ‘இரத்த சுத்தி’ மருந்துகள் வேலை செய்தனவா?

பதில்: பறங்கி (ஆங்கிலத்தில் யோஸ்) வன்னியை வாட்டிய தொற்றுப் புண்நோய், 1881இலேயே வைத்திய அதிகாரி கின்சி அதைப் பற்றி அறிக்கை எழுதினார். முதற்புண் சில மாதங்களில் தானே ஆறும், கிருமி உள்ளே இருக்கும், பிறகு வேறிடத்தில் கிளம்பும். ஆறின நேரம் பார்த்து மருந்து பெயர் வாங்கும். கப்பலில் வந்த சார்சபரில்லாவும் எங்கள் பறங்கிப்பட்டையும் ஒரே இனத்துக் கொடிகள். சில போத்தல்களில் பொட்டாசியம் அயோடைட்டும் இருந்தது. உண்மையில் தீர்த்தது பிறகு வந்த பென்சிலின் ஊசி.

மாங்குளம் வாசகர்: இன்றைக்கும் பஸ் நிலையத்தில் இப்படி விற்கிறார்களே, எதைப் பார்த்து வாங்குவது?

பதில்: ஆங்கில மருந்தென்றால் தேசிய ஔடதங்கள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபையின் பதிவு, சுதேச மருந்தென்றால் ஆயுர்வேதத் திணைக்களத்தின் பதிவு. அதோடு தொகுதி இலக்கம், காலாவதித் திகதி, சேர்மானம் ஒவ்வொன்றின் அளவு. ‘மூலிகை’ என்று மட்டும் போட்டு அளவு போடாதது வேண்டாம். மூட்டுநோவு ஒரே நாளில் பறந்தால் ஸ்டீரொயிட் (வீக்கத்தையும் நோவையும் அமுக்கும் வலிய ஆங்கில மருந்து) கலந்திருக்கிறதோ என்று சந்தேகப்படுங்கள். கிழமைக்கணக்கில் குடித்துவிட்டவர்கள் திடீரென நிறுத்தாமல் போத்தலையும் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். முகம் ஊதியிருந்தாலோ சீனி ஏறியிருந்தாலோ அன்றைக்கே.