பளபளப்பான கேம் கன்சோல் மேல் விழுந்த கீறலை எப்படி எடுப்பது?

முதலில் விரல் நகத்தைக் கீறலின் குறுக்கே மெதுவாக ஓட்டிப் பாருங்கள். வழுக்கிக்கொண்டு போனால் பாலிஷிலேயே போய்விடும். நகம் தடுக்கினால் முழுசாகப் போவது கஷ்டம், மங்க வைக்கலாம்.

மின் இணைப்பை எடுத்துவிட்டு, காற்றுத் துளைகளை டேப் ஒட்டி மூடுங்கள். தூசியை லேசாக ஈரமாக்கிய மைக்ரோஃபைபர் துணியால் ஒற்றி எடுங்கள், ஏனென்றால் உலர்ந்த துணியால் தூசியோடு சேர்த்துத் தேய்ப்பதால்தான் விளக்கு வெளிச்சத்தில் சிலந்தி வலை மாதிரி தெரிகிற அந்த மெல்லிய கோடுகள் பெரும்பாலும் விழுகின்றன. அப்புறம் பட்டாணி அளவு பிளாஸ்டிக் பாலிஷைத் துணியில் எடுத்து, ஒரே இடத்தில் நிற்காமல் லேசாகத் தேயுங்கள். அது சுற்றியுள்ள பரப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்துத்தான் சமமாக்குகிறது, அதனால் பொறுமை ரொம்ப முக்கியம்.

ஆழமான கீறல் என்றால், மூடியைத் தனியாகக் கழற்ற முடிந்தால் மட்டும், 2000, பிறகு 3000 நம்பர் உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேய்க்கலாம். அந்த இடம் வெளுத்துப் போகும், பயப்படாதீர்கள், பாலிஷ் போடப் போடப் பளபளப்பு திரும்பிவிடும்.

சொரசொரப்பான மேட் பகுதியில் மட்டும் பாலிஷ் வேண்டாம், திட்டுத் திட்டாக மின்னும். நெயில் பாலிஷ் ரிமூவரில் இருக்கிற அசிட்டோன் பக்கமே போகாதீர்கள், கன்சோல் மூடிகளில் பெரும்பாலும் இருக்கிற ஏபிஎஸ் என்ற வகைப் பிளாஸ்டிக்கை அது கரைத்துவிடும்.