ஏட்டுச் சுரைக்காயும் பந்தலூரும்

கேள்வி: தீர்ப்பு வருகிறது, பிடியாணை வருகிறது. காஸாவிலும் உக்ரைனிலும் குண்டு விழுவது மட்டும் நிற்கவில்லை. சர்வதேசச் சட்டம் என்பதே ஏட்டுச் சுரைக்காய்தானே? என்னைப் போன்ற ஒரு சாதாரண ஆள் ஹேக் நீதிமன்றத்துக்கு மனு எழுதிப் போட்டால் என்ன ஆகும்?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், பந்தலூர், நீலகிரி

பதில்: பந்தலூரிலிருந்தா இந்தக் கேள்வி! ஐயா, உங்கள் ஊரிலிருந்து சேரம்பாடிக்குப் பஸ் ஏறினால் வழியில் தமிழக அரசின் தேயிலைக் கழகமான 'டான்டீ'யின் தோட்டங்கள் வருமே, அங்கே லைன் வீடுகளில் இருப்பவர்களை ஊரார் இன்றும் என்னவென்று சொல்கிறார்கள்? 'சிலோன்காரங்க'. அவர்களை அந்தச் சரிவில் கொண்டுவந்து இறக்கியது இரண்டு அரசுகள் கையெழுத்துப் போட்ட ஒரு தாள். உங்கள் ஏட்டுச் சுரைக்காயைக் கறியாக்கிப் பரிமாறிய ஊரில் உட்கார்ந்துகொண்டு, கறிக்கு உதவுமா என்று கேட்கிறீர்கள்.

1964 அக்டோபர் 30, இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் டெல்லியில் செய்துகொண்ட ஒப்பந்தம். இலங்கை மலைத் தோட்டங்களில் எந்த நாட்டுக் குடியுரிமையும் இல்லாமல் நாடற்றவர்களாக நின்ற இந்திய வம்சாவளியினர் ஒன்பதே முக்கால் லட்சம் பேர் என்று கணக்கு. அதில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. மீதி ஒன்றரை லட்சம் பேரை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று நிறுத்திவைத்தார்கள். 1974-இல் இந்திராவும் சிறிமாவோவும் அதையும் 75,000, 75,000 என்று நேர்பாதியாக வெட்டினார்கள். பங்காளிகள் மாடு பிரிக்கும்போதுகூட எந்த மாடு யாரிடம் பழகியது என்று ஒரு பார்வை பார்ப்பார்கள். இங்கே அந்தப் பார்வைகூட இல்லை.

சில வருடங்களுக்கு முன் சேரம்பாடிப் பக்கம் ஒரு லைன் வீட்டில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தேன். அந்த வீட்டுப் பாட்டி பால்மாவு டின்னிலிருந்து தன் குடும்ப அட்டையை எடுத்துக் காட்டினார். இலங்கையிலிருந்து வந்து இறங்கியவர்களை முதலில் தங்கவைத்த மண்டபம் முகாமில் கொடுத்தது. மடிப்பு மடிப்பாகக் கிழிந்து, பின்பக்கம் செல்லோடேப் ஒட்டியிருந்தது. போட்டோவில் அவர் பத்தொன்பது வயதுப் பெண், இடுப்பில் கைக்குழந்தை. தலைமன்னாருக்கு வந்த ரயிலை அவர்கள் 'அழுகைக் கோச்சி' என்று சொல்வார்களாம். ஏறினவர்களும் அழுவார்கள், ஏற்றிவிட வந்தவர்களும் அழுவார்கள். அக்காள் ஒரு நாட்டுக் கணக்கிலும் தங்கை இன்னொரு நாட்டுக் கணக்கிலும் விழுந்த குடும்பங்கள் அவை. "இந்தியாவுக்குத் 'திரும்பி' வந்தீங்கன்னு அட்டையில போட்டிருக்கு. நான் எப்ப சாமி இங்க இருந்தேன், திரும்பி வர?" என்று கேட்டார். 'தாயகம் திரும்பியோர்' என்ற அரசாங்கச் சொல்லுக்கு இதைவிட நல்ல விமர்சனம் நான் கேட்டதில்லை. பேரனுக்குச் சாதிச் சான்றிதழ் வாங்க அந்த அட்டையைத்தான் இன்னும் ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு அலைகிறார்கள்.

ஆக, சர்வதேசச் சட்டத்துக்குப் பல் இல்லை என்று சொல்லாதீர்கள். அந்தப் பாட்டியை அது கடித்திருக்கிறது.

அவரைக் காப்பாற்றவும் ஒரு தாள் இருந்தது. அதன் கதையைக் கேளுங்கள். இந்தத் தோட்ட மக்களை நாடற்றவர்களாக்கிய இலங்கைக் குடியுரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது 1948 நவம்பரில். ஒரு மாதம்கூட ஆகவில்லை, டிசம்பர் 10 அன்று பாரிஸில் ஐ.நா. சபை மனித உரிமைப் பிரகடனத்தை நிறைவேற்றியது. ஒவ்வொருவருக்கும் ஒரு நாட்டின் குடியுரிமைக்கு உரிமை உண்டு, அதை எவரும் தம் இஷ்டத்துக்குப் பறிக்கக் கூடாது என்று அதன் 15-ஆவது பிரிவு சொல்கிறது. அருமையான வாசகம்தான். ஆனால் அது பிரகடனம், ஒப்பந்தம் இல்லை. இலங்கை ஐ.நா.வில் சேர்ந்ததே 1955-இல்தான். நாடற்ற நிலையைக் குறைப்பதற்கென்று 1961-இல் ஓர் உடன்படிக்கை வந்தது. இலங்கையும் சேரவில்லை, நாமும் சேரவில்லை. சேராதவனை அது கட்டுப்படுத்தாது. கல்யாணத்துக்கே வராதவனிடம் மொய் நோட்டை நீட்டி என்ன பயன்?

சரி, வழக்காவது போடலாமா? ஹேக்கில் இருக்கும் சர்வதேச நீதிமன்றத்தின் சட்டவிதி 34-ஐப் படித்துப் பாருங்கள். அங்கே வாதியாகவோ பிரதிவாதியாகவோ நிற்க நாடுகளுக்கு மட்டுமே இடம் உண்டு. தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறவருக்குக் கிடையாது, எனக்கும் உங்களுக்கும் கிடையாது. அவருக்காக இந்தியா போயிருக்கலாமே என்பீர்கள். காமன்வெல்த் நாடுகளோடு வரும் தகராறை அந்த நீதிமன்றத்துக்குக் கொண்டுபோக மாட்டோம் என்று 1974-இலேயே எழுதிக் கொடுத்தவர்கள் நாம். 2019-இல் புதுப்பித்தபோதும் அந்த வரியை அடிக்கவில்லை. உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டது நம் கைதான்.

காஸா, உக்ரைன் பற்றி ஒரு வார்த்தை. ஹேக் தீர்ப்பை ஒரு நாடு மதிக்காவிட்டால் பாதுகாப்பு சபையிடம் போகலாம் என்கிறது ஐ.நா. சாசனம். 1986-இல் அமெரிக்காவுக்கு எதிராகத் தீர்ப்பு வாங்கிக்கொண்டு நிகரகுவா அங்கே போனது. அமெரிக்காவே வீட்டோ போட்டது. இதில் நான் விளக்க ஒன்றும் இல்லை. அதே சமயம் 2014-இல் வங்கக் கடலில் தகராறில் இருந்த பரப்பில் பெரும்பகுதியை ஐ.நா. கடல் சட்ட உடன்படிக்கையின் கீழ் அமைந்த ஒரு நடுவர் மன்றம் வங்கதேசத்துக்குக் கொடுத்தபோது, பல மடங்கு பெரிய இந்தியா முணுமுணுக்காமல் ஏற்றுக்கொண்டது. இரண்டு ஆண்டு கழித்து, அதே கடல் சட்டத்தின் கீழ் தென் சீனக் கடல் விஷயத்தில் தனக்கு எதிராக வந்த தீர்ப்பைச் சீனா குப்பையில் போட்டது. போலீஸ் இரண்டு இடத்திலும் இல்லை. அண்டை வீட்டாரோடு நாளைக்கும் பேச வேண்டும் என்று நினைத்தவன் கேட்டான், நினைக்காதவன் கேட்கவில்லை.

இலங்கையில் தங்கிவிட்டவர்களின் பிரச்சினையும் கடைசியில் கொழும்பு நாடாளுமன்றத்தில்தான் தீர்ந்தது. 1964 அக்டோபர் 30 முதல் நிரந்தரமாக வசித்தவர்களுக்கும் அவர்கள் வாரிசுகளுக்கும் குடியுரிமை என்று 2003-இல் சட்டம் போட்டார்கள். தேதியைக் கவனித்தீர்களா? பிரித்த தேதியே சேர்க்கும் தேதியும் ஆனது. சட்டம் வந்த பிறகு ஐ.நா. அகதிகள் ஆணையமும் கூடச் சேர்ந்து தோட்டம் தோட்டமாக இயக்கம் நடத்தியதில், பத்தே நாளில் 1,90,000 பேருக்கு மேல் குடியுரிமை பெற்றார்கள். நீங்கள் பழிக்கும் ஐ.நா.தான்.

இனி உங்கள் மனு. பந்தலூர் தபாலாபீஸில் போதுமான தபால்தலை ஒட்டிப் போடுங்கள். நிச்சயம் ஹேக் போய்ச் சேரும். 1874-இல் பெர்ன் நகரில் போட்ட தபால் ஒப்பந்தத்தின் வழிவந்த ஏற்பாடு அதைப் பார்த்துக்கொள்ளும். அங்கே பிரித்துப் பார்ப்பார்கள். தனிமனிதர் மனுவை ஏற்பதற்கில்லை என்பதுதான் அவர்கள் பதில்.