மூன்றாம் ஆள் யார்?

கேள்வி: தங்கள் செய்திச் சேவைக்குள் மூன்றாம் தரப்புச் செயலிகளை, அதாவது வேறு நிறுவனத்தார் எழுதிய செயலிகளை, விட மறுக்கும் நிறுவனங்கள், 'பயனர் பாதுகாப்பு' என்று காரணம் சொல்கின்றனவே, ஏற்கிறீர்களா?

பதில்: 'மூன்றாம் தரப்பு' என்று எழுதியிருக்கிறீர்களே, அந்தச் சொல்லிடம்தான் எனக்குச் சண்டை. எழுதுவது நான். வாசிப்பது என் நண்பர். எண்ணிப் பாருங்கள், மூன்றாம் ஆள் யார்? கடிதத்தைச் சுமந்து போகிற நிறுவனம்தானே! தூது போக வந்தவர் வீட்டுக்காரராகிவிட்டார். எந்தப் பேனாவால் எழுதலாம் என்று எனக்கே சட்டம் போடுகிறார். அவருடைய சொல்லை நாமும் கடன் வாங்கிப் பேசினால் பாதி வழக்கு அப்போதே தோற்றுப்போகிறது.

2023 டிசம்பர் 5 அன்று பீப்பர் மினி என்ற செயலி வந்தது. ஆப்பிளின் செய்திச் சேவையான ஐமெசேஜில் ஆண்ட்ராய்டு பேசியிலிருந்தே செய்தி அனுப்பலாம், குறியாக்கம் (நடுவில் யாரும் படிக்க முடியாதபடி பூட்டுவது) குலையாமல். அதன் அடிப்படை நுட்பத்தைக் கண்டுபிடித்தவர் ஒரு பள்ளி மாணவர். மூன்றே நாளில் ஆப்பிள் வழியை அடைத்தது. காரணம், பாதுகாப்பு. சரி, அடைத்த பிறகு அந்தச் செய்திகள் எப்படிப் போயின? பூட்டே இல்லாத எஸ்எம்எஸ்ஸாக! கூடவே அனுப்பிய வீடியோ, முகம் தெரியாத அளவுக்கு நசுங்கிப் போய்ச் சேர்ந்தது. கதவைத் திறந்தால் குப்பைச் செய்திகள் (ஸ்பேம்) வரும் என்ற பயம் நியாயமானதுதான். ஆனால் மின்னஞ்சல் 1982 முதல் ஒரே பொது நெறிமுறையில் (புரோட்டோகால்) ஓடுகிறது. குப்பையை வடிகட்டக் கற்றுக்கொண்டார்களே தவிர, அடுத்த நிறுவனத்தின் அஞ்சலுக்குக் கதவைச் சாத்தவில்லை.

1999-ல் மைக்ரோசாஃப்டின் எம்எஸ்என் மெசஞ்சர், ஏஓஎல் என்ற போட்டி நிறுவனத்தின் அரட்டைச் செயலிப் பயனர்களோடு பேச முயன்றது. ஏஓஎல் தடுத்தது, மைக்ரோசாஃப்ட் மாற்றி எழுதியது, ஏஓஎல் மறுபடி தடுத்தது. கடைசியில் ஏஓஎல் என்ன செய்தது தெரியுமா? தன் மென்பொருளிலேயே இருந்த ஒரு பாதுகாப்பு ஓட்டை வழியாக நுழைந்து, எதிரே இருப்பது தன் செயலிதானா என்று சோதித்தது. போட்டியாளரைத் துரத்த, சொந்தப் பயனர்களின் கணினியிலேயே கைவைத்தது. பாதுகாப்பு என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு இதுதான் நினைவுக்கு வருகிறது.

அந்தக் காலத்தில் நம் தமிழும் இப்படித்தான் சிறைப்பட்டுக் கிடந்தது. ஆளுக்கொரு எழுத்துரு, ஆளுக்கொரு குறியேற்றம் (எந்த எழுத்துக்கு எந்த எண் என்ற கணினி ஏற்பாடு). திஸ்கி என்ற குறியேற்றத்தில் 'தமிழ்' என்று தட்டி அனுப்பினால், அந்த எழுத்துரு இல்லாதவர் திரையில் முக்கால் பின்னக் குறியும், சென்ட் குறியும், கொம்பு முளைத்த ரோமன் எழுத்தும் நிற்கும். தன் எழுத்துருவை வாங்கினால்தான் படிக்கலாம் என்று வைத்திருந்தவர்களை நான் இன்னும் மன்னிக்கவில்லை. எல்லாருக்கும் பொதுவான குறியேற்றமாக யூனிகோடு வந்துதான் பூட்டு உடைந்தது.

ஐரோப்பிய ஒன்றியத்தின் டிஜிட்டல் சந்தைச் சட்டம், 2024 முதல் வாட்ஸ்அப்பும் ஃபேஸ்புக் மெசஞ்சரும் கேட்கிற பிற சேவைகளுக்குக் கதவு திறக்க வேண்டும் என்கிறது. குறியாக்கம் குறையக் கூடாது என்பதையும் அதே சட்டம் சொல்கிறது. ஆகவே உங்கள் கேள்விக்கு என் பதில்: ஏற்கவில்லை. ஐமெசேஜை மட்டும் 2024 பிப்ரவரியில் அந்தச் சட்டத்துக்குக் கட்டுப்பட்ட சேவைகளின் பட்டியலில் சேர்க்காமல் விட்டுவிட்டார்கள். அது எனக்கு இன்னும் ஆறவில்லை.