மாமாவின் பாஸ்புக்கை வைத்து மருமகன் கணக்குப் போடக்கூடாது

அம்மா, மஞ்சக்குப்பத்தில் என் மேஜைமேல் நீங்கள் விரித்து வைத்த உங்கள் தம்பியின் பாஸ்புக் இன்னும் கண்ணுக்குள்ளேயே நிற்கிறது. மாதம் தவறாமல் பென்ஷன் விழுந்திருக்கிறது. முப்பத்தாறு வயதில் ஹவில்தாராக ஊர் திரும்பியவர், இப்போது குறிஞ்சிப்பாடியில் கடையும் வைத்திருக்கிறார். "போலீஸெல்லாம் வேண்டாம் சார், என் பையனும் மாமன் மாதிரி பட்டாளத்துக்கே போகட்டும்" என்றீர்கள்.

ஆசையில் தப்பில்லை. ஆனால் மாமன் போன வழி இப்போது அடைபட்டுக் கிடக்கிறது. அவர் காலத்தில் 15 வருஷ சேவை முடிந்தால் ஆயுளுக்கும் பென்ஷன், கடைசிச் சம்பளத்தில் பாதி. 2022-லிருந்து ஜவான் வேலைக்கு ஆள் எடுப்பது பெரும்பாலும் அக்னிபத் வழியாகத்தான். நான்கே வருஷம். முதல் வருஷச் சம்பளம் மாதம் 30,000 என்றாலும் 9,000 பிடித்தம் போக 21,000தான் கைக்கு வரும். பிடித்ததற்குச் சமமாக அரசும் போட்டு, வெளியே வரும்போது வட்டியோடு சுமார் 11.71 லட்சம் தருவார்கள், வரி கிடையாது. பென்ஷனும் பணிக்கொடையும் கிடையாது. முன்னாள் ராணுவத்தினர் என்ற தகுதியும் வராது என்பதால், காவலர் தேர்வில் அவர்களுக்குள்ள 5 சதவீத ஒதுக்கீட்டையும் இவன் கேட்க முடியாது. நாலில் ஒருவரைத்தான் நிரந்தரமாக்குவார்கள். பென்ஷன் அவருக்கு மட்டும்.

போலீஸிலும் பழைய பென்ஷன் 2003 ஏப்ரல் 1-ஓடு போயிற்று. அதற்குப் பிறகு சேர்ந்தவர்களுக்குச் சம்பளத்தில் 10 சதவீதம் பிடித்தம், அரசு அதே அளவு போடும் சிபிஎஸ் என்ற பங்களிப்பு ஓய்வூதியம்தான். 2026 ஜனவரியில் தமிழக அரசு அறிவித்த புதிய திட்டத்தில் கடைசி அடிப்படைச் சம்பளத்தில் பாதி பென்ஷன் உறுதி என்றார்கள், 10 சதவீதப் பிடித்தம் அப்படியே. ஆனால் அதற்கு 60 வயது வரை காக்கி போட வேண்டும். தானே புயல் மாதிரி ஒன்று அடித்தால் ஊரெல்லாம் வீட்டுக்குள் இருக்க, இவன் தெருவில் நிற்பான்.

பென்ஷன்தான் முக்கியம் என்றால் என் ஓட்டு போலீஸுக்கு. பட்டாளம்தான் அவன் ஆசை என்றால் போகட்டும். பதினெட்டில் போனால் இருபத்திரண்டில் வந்துவிடுவான், காவலர் தேர்வுக்குப் பொதுப் பிரிவுக்கே 26 வரை வயது இருக்கிறது. அந்த 11 லட்சத்தை மட்டும் அக்கா கல்யாணத்துக்கு என்று இப்போதே எழுதி வைக்காதீர்கள்.

இன்னொன்று. அன்று ஒரு மணி நேரத்தில் பையன் வாயே திறக்கவில்லை. அடுத்த வாரம் அவனைத் தனியாக அனுப்புங்கள். காவலர் தேர்வில் 1,500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் முடிக்க வேண்டும், ராணுவத்தில் 1,600 மீட்டரை ஐந்தரை நிமிடத்தில் ஓடினால்தான் முழு மதிப்பெண். எவ்வளவில் ஓடுகிறான் என்று ஒரு நாள் காலையில் மணி பார்த்துவிட்டு வரச் சொல்லுங்கள்.