வாசகர் கேள்வி பதில்: நரம்புக்குள் மின்சாரம் எங்கிருந்து வருகிறது?

கேள்வி: நரம்பில் மின்சாரம் ஓடுகிறது என்கிறார்கள். உடம்புக்குள் பேட்டரி ஏது? வீட்டு ஒயரில் ஓடுவது மாதிரிதானா அதுவும்?

பதில்: பேட்டரி இருக்கிறது, உப்பால் ஆன பேட்டரி. நரம்புச் செல்லுக்குள் பொட்டாசியம் ஏராளம், வெளியே சூழ்ந்திருக்கும் நீரில் சோடியம் ஏராளம். இரண்டும் நேர் மின்னூட்டம் கொண்ட அயனிகள். செல்லின் சவ்வு கொழுப்பால் ஆனது என்பதால் இவை அதை ஊடுருவ முடியாது, புரதத்தால் ஆன கதவுகள் வழியாகத்தான் போய்வர வேண்டும். செல் சும்மா இருக்கும்போது திறந்திருப்பவை பெரும்பாலும் பொட்டாசியத்தின் கதவுகள். அதனால் உள்ளே நெரிசலாக இருக்கும் பொட்டாசியம் கொஞ்சம் வெளியே கசிகிறது, போகும்போது நேர் மின்னூட்டத்தையும் கொண்டுபோய்விடுகிறது, ஆக உள்பக்கம் எதிர் மின்னூட்டம் மிஞ்சுகிறது, அதுவே பொட்டாசியத்தைத் திரும்ப உள்ளே இழுக்கவும் ஆரம்பிக்கிறது. கசிவும் இழுப்பும் கிட்டத்தட்ட ஈடாகும்போது அளந்தால் வெளிப்பக்கத்தைவிட உள்பக்கம் சுமார் 70 மில்லிவோல்ட் குறைவாக இருக்கும். கை கால் தசைகளில் இது 90 வரை.

இவ்வளவுதானா என்று நினைக்காதீர்கள். அந்தச் சவ்வின் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் லட்சத்தில் ஒரு பங்குகூட இல்லை. அவ்வளவு மெல்லிய இடத்தில் 70 மில்லிவோல்ட் என்பது சென்டிமீட்டருக்கு ஒரு லட்சம் வோல்ட் என்ற கணக்கில் வரும் அழுத்தம்! சவ்வில் பதிந்திருக்கும் கதவுகள் அந்த அழுத்தத்தை உணர்ந்துதான் திறக்கின்றன, மூடுகின்றன.

இப்போது ஏதோ ஒரு தூண்டுதலில் மைனஸ் 70 என்பது மைனஸ் 55 வாக்கில் வந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். சோடியத்தின் கதவுகள் மடமடவெனத் திறந்துகொள்கின்றன. சோடியம் உள்ளே பாய்ந்து அந்த இடம் பிளஸ் 30, 40 வரை ஏறிவிடுகிறது. உடனே சோடியத்தின் கதவு தானே அடைத்துக்கொள்ள, பொட்டாசியம் வெளியேறி பழைய நிலை திரும்புகிறது. எல்லாம் ஓரிரு மில்லி விநாடிக்குள். ஆனால் அதற்குள் பக்கத்து இடத்தை அது தூண்டிவிட்டிருக்கும். வரிசையாக நிறுத்திய சைக்கிள்களில் முதல் சைக்கிளைத் தள்ளினால் கடைசி வரை சாயுமே, அதே மாதிரி, ஒரு வித்தியாசம், இங்கே சாய்ந்த சைக்கிள் தானே நிமிர்ந்துகொள்ளும். எந்தச் சைக்கிளும் தன் இடத்தைவிட்டு நகர்வதில்லை, சாய்வுதான் நகர்கிறது. ஒயரில் எலக்ட்ரான்கள் ஒயரின் நீளவாட்டத்திலேயே நகரும், நரம்பிலோ அயனிகள் குறுக்கே சவ்வைக் கடக்கின்றன. ஆகவே ஒயர் மாதிரி இல்லை. ஹாட்ஜ்கின், ஹக்ஸ்லி என்ற இரண்டு பிரிட்டிஷ் விஞ்ஞானிகள் ஒரு வகைக் கணவாய் மீனின் தடித்த நரம்பு இழையில் மின்முனையைச் செருகி இதையெல்லாம் அளந்து 1952இல் சமன்பாடுகளாகவே எழுதிவிட்டார்கள்.

கேள்வி: சோடியம்-பொட்டாசியம் பம்ப்தான் சிக்னலை உண்டாக்குகிறது என்று படித்தேன். சரியா?

பதில்: இல்லை, ரொம்பப் பேர் இப்படித்தான் எழுதுகிறார்கள். 3 சோடியத்தை வெளியே தள்ளி 2 பொட்டாசியத்தை உள்ளே எடுக்கும் இந்தப் பம்ப், 1957இல் ஸ்கோ என்ற டென்மார்க் விஞ்ஞானி கண்டுபிடித்தது, பேட்டரியை சார்ஜ் செய்கிறது, அவ்வளவுதான். ஒரு துடிப்பில், அதாவது ஒரு சிக்னலில், இடம் மாறும் அயனிகள் மொத்தத்தில் மிகச் சொற்பம் என்பதால், பம்ப் சற்று நேரம் நின்றுபோனாலும் நரம்பு துடித்துக்கொண்டிருக்கும். ஆனால் அது நின்றே போய்விட்டால் பேட்டரி காலி. அதனால்தான் மூளைக்குப் போகும் சக்தியில் பெரும்பங்கை இந்தப் பம்ப் வாங்கிக்கொள்கிறது.

கேள்வி: கால் விரலை மேசைக் காலில் இடித்துக்கொண்டால் முதலில் சுரீர் என்கிறது, கொஞ்சம் கழித்து வேறு மாதிரி வலி கிளம்புகிறது. ஏன்?

பதில்: இரண்டு வலிக்கும் வேறு வேறு இழைகள். சுரீர் என்பதைக் கொண்டுவரும் இழைக்கு மயலின் என்ற கொழுப்பு உறை உண்டு. உறையின் இடைவெளிகளில் மட்டுமே கதவுகள் திறப்பதால் சிக்னல் தாவித் தாவிப் போகும், விநாடிக்குப் பத்து இருபது மீட்டர் வேகத்தில். பின்னால் வரும் மந்தமான வலி உறையில்லாத இழையில் ஒவ்வொரு அங்குலமாக ஊர்ந்து வருகிறது, விநாடிக்கு ஒரு மீட்டர் வாக்கில்தான். காலிலிருந்து முதுகுத் தண்டு ஏறத்தாழ ஒரு மீட்டர், அந்த ஒரு விநாடியைத்தான் நீங்கள் உணர்ந்திருக்கிறீர்கள். அடுத்த தடவை இடித்துக்கொண்டால் கவனித்துப் பாருங்கள், ‘ஐயோ’ என்று சொல்லி முடித்தபிறகுதான் இரண்டாவது வலி வரும்.

கேள்வி: ரத்தத்தில் பொட்டாசியம் 6.5 என்று வந்ததும் டாக்டர் அவசரமாக ஈசிஜி எடுக்கச் சொன்னார். ஒன்றரை கூடினால் என்ன ஆகிவிடும்?

பதில்: அவர் அவசரப்பட்டது சரிதான். செல்லுக்குள் பொட்டாசியம் லிட்டருக்கு சுமார் 140 மில்லிமோல், வெளியே 3.5 முதல் 5 வரைதான். மேலே சொன்ன கசிவு முழுக்க இந்த ஏற்றத்தாழ்வை நம்பியிருக்கிறது. வெளியே ஒன்றிரண்டு கூடினாலே கசிவு குறைந்து, ஓய்வு நிலையின் மைனஸ் மதிப்பும் குறைந்துவிடுகிறது. அப்புறம், மேலே சொன்ன மாதிரி தானே அடைத்துக்கொள்ளும் சோடியத்தின் கதவுகளில் பல அடைத்தபடியே கிடக்கும், திறக்க வேண்டிய நேரத்தில் திறக்காது. கை கால் தசை என்றால் பலவீனம் தெரியும். இதயத் தசையிலோ துடிப்பின் ஓட்டமே தடுமாறிவிடும். ஈசிஜியில் அந்தத் தடுமாற்றம் தெரிகிறதா என்று பார்க்கத்தான் உங்களை அனுப்பியிருக்கிறார், அதனால் தள்ளிப்போடாமல் உடனே எடுத்துவிடுங்கள்.