பெருங்காய டப்பாவில் கோதுமை

கேள்வி: 7 வயது மகளுக்கு சீலியாக் நோய் (கோதுமை போன்ற தானியங்களில் இருக்கும் குளூட்டன் என்ற புரதம் குடலைக் கெடுக்கும் நோய்) என்று உறுதியாகி நான்கு மாதம் ஆகிறது. கோதுமை, மைதா, ரவை எதுவும் வீட்டுக்குள் வருவதில்லை. இட்லி, தோசை, சாம்பார் சாதம்தான். ஆனாலும் வயிற்று உப்புசம் நிற்கவில்லை. எதைக் கவனிக்காமல் விட்டோம்?
(ஈரோடு வாசகி)

பதில்: சாம்பாருக்கு எந்தப் பெருங்காயம் போடுகிறீர்கள் அம்மா? அந்த டப்பாவைத் திருப்பிப் படியுங்கள். கடையில் பெரும்பாலும் கிடைப்பது கூட்டுப் பெருங்காயம். செடியின் வேரிலிருந்து வடியும் பிசின்தான் அசல். அதன் காட்டத்தைக் குறைக்கக் கோந்தும் மாவும் சேர்க்கிறார்கள். அந்த மாவு பல தயாரிப்புகளில் கோதுமை அல்லது மைதா. சாம்பார், ரசம், மோர், ஊறுகாய், இட்லிப் பொடி, முறுக்கு என்று அது நுழையாத இடம் உண்டா?

என் ஆத்திரம் இதில்தான். கோதுமை இருந்தால் லேபிளில் சொல்லியே ஆக வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. சொல்லவும் செய்கிறார்கள்; ஆங்கிலத்தில், எறும்பு சைஸில், டப்பாவின் மடிப்பில். ஆங்கிலமோ இந்தியோ இருந்தால் சட்டத்துக்குப் போதும், தமிழ் கட்டாயமில்லை. ரசம் வைக்கிற பாட்டி பூதக்கண்ணாடியோடு ஆங்கிலமும் படிக்க வேண்டுமாம்! என் அக்கா பேரனுக்கும் இதே நோய். முதல் வருடம் அவனுக்கு ரசம் சாதம் ஊட்டிவிட்டு, "பாவம், இதாவது ஒத்துக்கட்டும்" என்று சொன்னவள் நானேதான்.

அரிசி மாவு சேர்த்த பெருங்காயமும் விற்கிறது, தேடி வாங்குங்கள். இன்னொன்று, மாவு மில். உங்களுக்கு முன்னால் நின்றவர் சம்பா கோதுமை அரைத்திருந்தால் அது உங்கள் அரிசி மாவிலும் வரும். வீட்டு மிக்ஸியில் அரையுங்கள். சத்துமாவிலும் கோதுமை இருக்கலாம். இதையெல்லாம் டாக்டரிடமும் சொல்லுங்கள்.

கேள்வி: ராகி பிஸ்கட் என்று போட்டிருந்ததால் மகனுக்காக 12 பாக்கெட் ஆன்லைனில் வாங்கினேன். பிரித்த பிறகு பார்த்தால் உள்ளே மைதா. பணம் திரும்பக் கிடைக்குமா?
(மதுரை வாசகர்)

பதில்: படிக்காமல் ஒன்று வாங்கினால் சரி, 12 வாங்குவீர்களா? சேர்மானப் பட்டியலில் எது முதலில் இருக்கிறதோ அதுதான் அதிகம். உங்கள் பிஸ்கட்டில் முதலில் மைதா, ராகி எங்கோ கடைசியில். பின்பக்கம் உண்மையைத்தான் எழுதியிருக்கிறார்கள், கடைக்காரரிடம் கேட்டுப் பாருங்கள், நம்பிக்கை வேண்டாம். ராகி சேமியாவிலும் கோதுமை இருக்கலாம், பட்டியலைப் படியுங்கள். 12 பாக்கெட்டையும் நீங்களே டீயில் தொட்டுச் சாப்பிடுங்கள், பையன் கண்ணில் படாமல்.

கேள்வி: சீலியாக் உள்ள பிள்ளைக்கு ஓட்ஸ் கொடுக்கலாமா?
(சேலம் வாசகர்)

பதில்: சாதாரண பாக்கெட்டில் கோதுமை கலந்திருக்கலாம், வேண்டாம், குளூட்டன் இல்லை என்று அச்சிட்டதையும் டாக்டரைக் கேட்டுத்தான்.

கேள்வி: மகளின் பிறந்த நாளுக்கு வீட்டில் கேக் செய்து விற்கும் ஒருவரிடம் 'குளூட்டன் இல்லாத கேக்' 1,800 ரூபாய்க்கு வாங்கினோம். இரவெல்லாம் வாந்தி. கேட்டால், "கொஞ்சம்தான் மைதா போட்டேன், இல்லாட்டி உதிர்ந்துடும்" என்கிறார். இப்போது பிள்ளை கேக் என்றாலே நடுங்குகிறாள்.
(திருச்சி வாசகி)

பதில்: படிக்கவே மனசு கேட்கவில்லை. கேட்டு, நம்பி, காசும் கொடுத்திருக்கிறீர்கள். உங்கள் மேல் எந்தத் தப்பும் இல்லை. குளூட்டன் இல்லை என்று விற்க வேண்டுமானால் கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருக்கக் கூடாது. ஒரு கிலோ கேக்கில் ஒரே ஒரு கிராம் மைதா விழுந்தாலே அந்த வரம்பு தாண்டிவிடும். "கொஞ்சம்தான்" என்பதெல்லாம் சமாதானமே இல்லை.

வாட்ஸ்அப் உரையாடல், பணம் அனுப்பிய ரசீது, டாக்டர் சீட்டு மூன்றையும் பத்திரப்படுத்துங்கள். மிச்சக் கேக் இருந்தால் மூடி ஃப்ரீசரில் வையுங்கள். உணவுப் பாதுகாப்புத் துறைக்குப் புகார் எழுதுங்கள், 1915 நுகர்வோர் உதவி எண்ணிலும் பதியுங்கள். அப்புறம் மாவட்ட நுகர்வோர் ஆணையம்: வாங்கிய பொருளுக்குக் கொடுத்த பணம் 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும்.

பிள்ளைக்கு ஒரு யோசனை. அக்கா பேரனின் பிறந்த நாளுக்குத் தட்டு அகலத்துக்கு ஒரு இட்லி வார்த்து, வெல்லப்பாகும் தேங்காய்த் துருவலும் போட்டு மெழுகுவர்த்தி குத்தினோம். வந்த வாண்டுகள் இரண்டாவது துண்டு கேட்டன.

கேள்வி: 4,500 ரூபாய்க்கு முடியை அனுப்பி ஒவ்வாமை டெஸ்ட் எடுத்தோம். கோதுமை உட்பட 60 உணவு ஆகாது என்று வந்தது. கோதுமையை நிறுத்திவிட்டோம். சரிதானே?
(கோவை வாசகர்)

பதில்: முடியைப் பார்த்துச் சொல்வதற்கு ஜோசியம் என்று பெயர். உடனே குழந்தைகள் டாக்டரிடம் போய், நிறுத்தியதையும் சொல்லி, ரத்தப் பரிசோதனை பற்றிக் கேளுங்கள். கோதுமையை நிறுத்தினால் சீலியாக் நோய் இருந்தும் ரத்தத்தில் தெரியாமல் போகலாம்.

கேள்வி: குளூட்டன் இல்லாத பிரெட் மாவு 450 ரூபாய். வாங்கலாமா?
(வேலூர் வாசகி)

பதில்: நான் வாங்கினேன். சுட்டு எடுத்ததை அக்கா பேரன் கையில் எடுத்து மேசையில் தட்டிப் பார்த்துவிட்டு, "சின்னப் பாட்டி, இது வீடு கட்டவா?" என்றான். மீதி மாவு ஃப்ரிட்ஜில் அப்படியே இருக்கிறது. வேண்டுமானால் வந்து எடுத்துக்கொள்ளுங்கள்.